பூட்டிய கதவுக்குப் பின்னால் எத்தனை வேலை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நகரங்கள் உள்ளூர் நிறுவனங்களிடம் நேரில் போய் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பலரும் தொடாத விஷயத்தைத் தொட்டதற்கு நன்றி. ஆனால் ‘வேலைகள் கூடின’ என்ற மகிழ்ச்சியோடு கட்டுரை நின்றுவிட்டது. எப்படி எண்ணினார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இத்தகைய கணக்கெடுப்பு ஒன்றில் படிவமும் கையுமாகத் தெருத் தெருவாக அலைந்தவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

“இங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?” படிவத்திலேயே எளிய கேள்வி இதுதான் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் மதியத்துக்குள் அந்த நினைப்பு போய்விட்டது. “என்னையும் சேர்த்தா, சேர்க்காமலா?” என்று திருப்பிக் கேட்பார் உரிமையாளர். சம்பளம் இல்லாமல் கல்லாவில் உட்காரும் அவர் மனைவியை எங்கே எழுதுவது? வாசலில் நிற்கும் காவலாளி இந்த நிறுவனத்தின் ஆளா, அவரை அனுப்பிய ஒப்பந்ததாரரின் ஆளா? வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வருபவரை? பல கிளைகள் உள்ள நிறுவனம் என்றால் இன்னும் வேடிக்கை. தலைமை அலுவலகத்தில் எல்லாக் கிளைகளின் ஆட்களையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். கிளைக்குப் போனால் அங்கேயும் ஒரு கணக்கு சொல்வார்கள். இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டால் இல்லாத வேலைகள் காகிதத்தில் முளைத்துவிடும்.

இந்தக் கேள்விகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே விடை கிடையாது. இந்தியாவின் பொருளாதாரக் கணக்கெடுப்பு, சம்பளம் வாங்காத குடும்பத்தாரையும் உரிமையாளரையும்கூட உழைப்பவராகச் சேர்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் மாதாமாதம் நிறுவனங்களிடம் எடுக்கும் கணக்கோ சம்பளப் பட்டியலில் இருப்பவர்களை மட்டுமே பார்க்கிறது, அதுவும் மாதத்தின் 12ஆம் தேதி அடங்கிய சம்பளக் காலத்துக்கு. சுயதொழில் செய்பவர் அதில் வரமாட்டார். இரண்டு இடங்களில் வேலை பார்ப்பவர் இரண்டு முறை வருவார். அது எண்ணுவது வேலைகளை, ஆட்களை அல்ல. இந்திய வழி, அமெரிக்க வழி இரண்டும் சரிதான். எது எந்த முறையில் வந்த எண் என்று சொல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் தவறு. உங்கள் கட்டுரையில் ‘வேலைகள்’ என்றும் ‘பணியாளர்கள்’ என்றும் மாறி மாறி வருகிறது. எது என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

டொராண்டோ மாநகராட்சி 1983 முதல் ஆண்டுதோறும் நிறுவனங்களைத் தேடிப்போய் இப்படிக் கணக்கெடுக்கிறது. அதன் பலமே விடாப்பிடிதான். அதே முகவரி, அதே கேள்வி, வருடா வருடம். போன ஆண்டு பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் இந்த ஆண்டு ஒன்பது பேர் என்றால், எந்தத் தெருவில், எந்தத் தொழிலில் குறைந்தது என்று கைகாட்ட முடியும். முடிவுகள் வெளியான இந்தியப் பொருளாதாரக் கணக்கெடுப்புகளின் ஆண்டுகளைப் பாருங்கள்: 1977, 1980, 1990, 1998, 2005, 2013. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே திறந்து, நடந்து, மூடிய ஒரு நிறுவனம் எந்தப் பட்டியலிலும் இராது. அது இருந்ததற்கே சாட்சி இல்லை.

மூடிய நிறுவனம் படிவம் நிரப்பாது என்பதுதான் இந்தக் கணக்கின் பெரிய சிக்கல். அமெரிக்க மாதக் கணக்கில், புதிதாகப் பிறந்த நிறுவனங்களும் செத்துப்போனவையும் உடனே கண்ணில் படாததால், அந்த இடத்தை மதிப்பீட்டால் நிரப்புகிறார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, நிறுவனங்கள் கட்டும் வேலையின்மைக் காப்பீட்டு வரியின் பதிவுகளோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். 2024 ஆகஸ்டில் வந்த முதற்கட்டத் திருத்தம், அந்த ஆண்டு மார்ச் மாத எண்ணிக்கையிலிருந்து 8,18,000 வேலைகளைக் கழித்தது. 2025 தொடக்கத்தில் இறுதிக் கணக்கு வந்தபோது அந்தக் கழிவே சுமார் 6 லட்சமாகச் சுருங்கியது. அவ்வளவு ஆளும் பணமும் உள்ள இடத்திலேயே இந்த நிலை.

எங்களுக்குக் கொடுத்த பட்டியலில் பூட்டிய கதவுகள் நிறைய இருந்தன. ‘பூட்டியிருந்தது’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போகச் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் சாப்பிடப் போனவரும் இருந்தார், இடம் மாறியவரும் இருந்தார், தொழிலையே விட்டவரும் இருந்தார். பக்கத்துக் கதவைத் தட்டிக் கேட்டால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று இலக்கு இருந்ததால் யாரும் தட்டவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், பல நாள் நானும் தட்டவில்லை. வரிக்காரர் என்று நினைத்துக் குறைத்துச் சொன்னவர்கள் தனி. இதற்கு நேர்மாறும் உண்டு. முந்தைய சுற்றில் விட்டுப்போன மாடி அலுவலகங்களை அடுத்த சுற்றில் ஒழுங்காக ஏறிப் பார்த்தால் வேலைகள் ‘கூடிவிடும்’. கூடியது வேலையா, நாம் நடந்த நடையா?

இன்னொன்று. ஓராண்டில் 1,000 வேலை போய் 1,200 வந்தாலும் வளர்ச்சி 200. 10,000 போய் 10,200 வந்தாலும் அதே 200தான். முதல் ஊரில் அமைதியாக இருக்கலாம். இரண்டாவது ஊரில் பத்தாயிரம் பேர் வேலையை இழந்திருக்கிறார்கள், வந்த புது வேலைகள் அவர்களுக்கே கிடைத்திருக்க வேண்டும் என்பதுமில்லை. நிகர எண்ணை மட்டும் அச்சிட்டால் இந்த இரண்டு ஊர்களும் ஒன்றாகத்தான் தெரியும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கணக்கெடுப்பு முடிவை வெளியிடும்போது, வந்த வேலை எத்தனை, போன வேலை எத்தனை என்று அதிகாரிகளிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பட்டியலில் இருந்த முகவரிகளில் எத்தனைக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதையும், அந்த இடங்களுக்கு முந்தைய கணக்கின் எண்ணையே திரும்ப எழுதிக்கொண்டார்களா என்பதையும் கேளுங்கள். எங்கள் சுற்றில் அப்படித்தான் எழுதிக்கொண்டோம்.

இப்படிக்கு,
முன்னாள் கணக்கெடுப்பாளர் ஒருவர்