செம்புங்கான் அம்மாவுக்கு நன்றி

இந்தோனேசியாவில், மத்திய ஜாவாவின் டியெங் பீடபூமியில், சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது செம்புங்கான். ஜாவாவிலேயே உயரமான கிராமம் என்பார்கள். அங்குள்ள சிகுனிர் குன்றில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள், பார்த்த கையோடு இறங்கிவிடுவார்கள். குளிரில் நடுங்கிய என்னை அந்த ஊர் அம்மா ஒருவர் தன் அடுப்படியில் உட்காரவைத்திருக்காவிட்டால் நானும் இறங்கியிருப்பேன்.

சூடான தேநீர், அவித்த உருளைக்கிழங்கு. அப்புறம் தோட்டத்துக்கே கூட்டிப்போனார். சரிவு முழுக்க உருளைக்கிழங்குதான். ஜூலை, ஆகஸ்டில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் உறைபனி இறங்கும். 'எம்புன் உபாஸ்' என்கிறார்கள். விடியும்போது புல்லெல்லாம் வெள்ளை. பனி பட்ட செடி வெயில் ஏறியதும் கருகிவிடும். வெளியூர்க்காரர்கள் ஓடி ஓடிப் படமெடுக்கும் அந்த வெண்மையால் ஒரு போகமே போய்விடலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. மழைக்காலத்தில் மேல்மண் அரித்துப்போகும் இடங்களையும் மறைக்காமல் காட்டினார். அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

தோட்ட ஓரம் காரிகா மரங்கள் நின்றன. மலைப் பப்பாளி, பழத்தைச் சர்க்கரைப் பாகில் போட்டு விற்கிறார்கள். கிளம்பும்போது ஒரு பாட்டில் கொடுத்தார், காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

அம்மா, அன்றைய வேலையை நிறுத்திவிட்டு முன்பின் தெரியாத எனக்காக நடந்தீர்கள். மிக்க நன்றி. டியெங் போகிறவர்களே, தயவுசெய்து பாத்தியை மிதிக்காதீர்கள். காரிகாவை அந்த ஊர்க்காரர்களிடமே வாங்குங்கள்.