கொல்லிமலை ஏறுவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடு

அன்பு மகளுக்கு,

ஆடிப்பெருக்கை ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு மாப்பிள்ளையோடும் பிள்ளைகளோடும் உங்கள் காரிலேயே கொல்லிமலைக்கு வரப்போவதாக நீ சொன்னதில் எனக்கும் அம்மாவுக்கும் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் பழைய காராக வாங்கிய அந்த வண்டியின் சர்வீஸ் ரசீதுகளில் பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை என்று மாப்பிள்ளை சொன்னதிலிருந்து அதே நினைவாக இருக்கிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்பதால், ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது கையில் இருக்கட்டும் என்று எழுதி அனுப்புகிறேன்.

நீ பெடலை மிதிக்கும் விசை பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் அந்த ஆயில் வழியாகத்தான் போய்ச் சேருகிறது. எவ்வளவு அழுத்தினாலும் திரவம் சுருங்காது என்பதை நம்பியே அந்த அமைப்பு முழுவதும் இயங்குகிறது. ஆனால் மழைக்காலத்து உப்பு ஜாடியைப் போல இந்த ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் ஆயில் டப்பா மூடியின் நுண்துளை வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக உள்ளே போய்விடுகிறது. பிரேக் ஆயிலின் தரவகையைக் குறிப்பது டாட் எண். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி, அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலைக்கு அந்த விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 3 ஆயிலுக்கு இந்த அளவுகள் 205, 140.

சென்னையின் சமதளச் சாலைகளில் பிரேக் அவ்வளவு சூடேறுவதில்லை; அதனால் ஈரம் ஏறிய ஆயிலும் எந்தக் குறையும் காட்டாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். கொல்லிமலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால், சக்கரத்தோடு சுழலும் தட்டை உரசி நிறுத்தும் பிரேக் பேடில் எழும் சூடு, அந்தப் பேடை அழுத்தும் காலிபருக்குள் இருக்கும் ஆயிலைக் கொதிக்கவைத்து ஆவிக்குமிழிகளை உண்டாக்கும். ஆவி சுருங்கக்கூடியது என்பதால் உன் கால் அழுத்தம் குமிழிகளைச் சுருக்குவதிலேயே செலவாகி, பெடல் தரைவரை இறங்கிவிடும். வண்டி ஆறியதும் பெடல் பழையபடி இறுகிவிடுவதால், மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினால் ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பானட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கமாக, மேக்ஸ், மின் என்று கோடு போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா தெரியும். ஆயில் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதே. பிரேக் பேட் தேயத் தேய மட்டம் தானாகவே இறங்கும். அப்போது நிரப்பிவைத்தால் புதுப் பேட் போடும்போது ஆயில் வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். பேடும் தேயாமல் மட்டமும் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள், அந்த வண்டியை எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்பவே கூடாது. புது ஆயில் இளமஞ்சளாக இருக்கும். காப்பி நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் நிறம் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஈரம் இல்லை என்று சொல்ல முடியாது. ஈரத்தை அளக்கும் பேனா போன்ற கருவி பல ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. உங்கள் வண்டிக்கு எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாத நிலையில், அந்தக் கருவி என்ன காட்டினாலும் மாற்றிவிடுவதுதான் என் முடிவு. பொதுவாக 2 ஆண்டுகள் அல்லது 40,000 கிலோமீட்டர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதைக் கணக்கில் கொள்ளலாம்.

மாற்றும்போது நீயோ மாப்பிள்ளையோ பக்கத்தில் நில்லுங்கள், ஏனெனில் டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றி வேலை முடிந்தது என்று சொல்பவர்களும் உண்டு. சூடேறும் இடம் காலிபர். பழைய ஆயில் அங்கேயே தங்கிவிட்டால் அந்தச் செலவு வீண். நான்கு சக்கரங்களிலும் ஆயிலை வெளியே விடும் ப்ளீடிங் நிப்பிளைத் திறந்து, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றி, புது நிறம் வரும்வரை செய்ய வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளுக்கு, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரும் தேவைப்படும். இடையில் டப்பா காலியானால் காற்று உள்ளே போய்விடும். ஆயில் சீல் பிரிக்காத புது டப்பாவாக இருக்கட்டும், வண்டியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் எந்த டாட் எண் அச்சிட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. இன்ஜின் ஆயிலை அவசரத்துக்குக்கூட ஊற்ற விடாதே, உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

புது ஆயில் ஊற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் மலையிறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வர வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். ஏறிய கியரிலேயே இறங்கட்டும், நியூட்ரலில் ஒருபோதும் விட வேண்டாம். வேலை முடிந்ததும் கிலோமீட்டரையும் தேதியையும் ரசீதில் எழுதி வாங்கி, அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா
நாமக்கல்