ஆங்கில வகுப்பில் தமிழ் இலக்கணத்துக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி என்று எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் ‘30 நாளில் ஆங்கிலம்’ என்ற சுவரொட்டி கண்ணில் படுகிறது. அங்கே பணம் கட்டுகிற பெற்றோரைக் குறை சொல்ல மாட்டோம். பத்து வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளை நாலு வரிக் கடிதம் எழுதத் திணறினால் அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்? எங்கள் வருத்தம் வேறு. பள்ளிக்கூடமானாலும் டியூஷனானாலும், தமிழே தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோலத்தான் ஆங்கில இலக்கணத்தைச் சொல்லித் தருகிறார்கள். எழுவாய், பயனிலை, வேற்றுமை உருபு, பெயரெச்சம் எல்லாம் தமிழ் ஐயாவிடம் படித்துவிட்டு வருகிற பிள்ளை அது. அடுத்த பாடவேளையில் கரும்பலகையைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம். இரண்டு இலக்கணமும் ஒரே தலைக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே கிடக்கின்றன.

ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறோம். ஓர் ஆறு, ஒரு வாய்க்கால். ஓர் ஊர், ஒரு தெரு. உயிரெழுத்துக்கு முன் ஓர், உயிர்மெய்க்கு முன் ஒரு. ஆங்கிலத்தில் ‘அன்’, ‘எ’ இரண்டும் நடப்பது இதே வழியில்தான். வவல் எழுத்து ஐந்து என்று உருப்போட்டுவிட்டு ஸ்பெல்லிங்கைப் பார்ப்பதால்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல் ஸ்பெல்லிங்கில் எச் எழுத்தோடு தொடங்கினாலும் காதில் விழுவது அகரம். ஆகவே ‘அன் அவர்’. ‘யுனிவர்சிட்டி’யின் ஸ்பெல்லிங் வவலில் தொடங்குகிறது, ஆனால் ஒலிப்பது யகரம். ஆகவே ‘எ யுனிவர்சிட்டி’. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலெழுத்து உயிரானால் அன், உயிர்மெய்யானால் எ. ‘அன் எம்.எல்.ஏ.’, ‘எ யூரியா பேக்’ எல்லாம் தானாக வரும். தமிழில் எழுதும்போது ஒலி மறைந்துபோகிற சில சொற்கள் மட்டும் விலக்கு. ‘ஒன்’ என்று எழுதினாலும் ஒலி ‘வன்’, ஆகவே எ. காதைக் குறிக்கும் ‘இயர்’ சொல்லுக்கு அன். ஆண்டைக் குறிக்கும் ‘இயர்’ சொல்லின் உண்மையான ஒலி ‘யியர்’, அதனால் அதற்கு எ.

‘த’ எங்கே போடுவது என்பது இதைவிடப் பெரிய தலைவலி. நமக்கு அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று சொல்லிக் கைவிட்டுவிடுகிறோம். சொல் இல்லையே தவிர, கருத்து நம்மிடம் இருக்கிறது. ‘மோட்டார் வாங்கினார்’ என்றால் ஏதோ ஒரு மோட்டார். ‘மோட்டாரை வாங்கினார்’ என்றால் ஏற்கெனவே பேச்சில் வந்த, இருவருக்கும் தெரிந்த அந்த மோட்டார். அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வரும்போது அதில் ஐ உருபு ஏறியிருந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘த’, ஏறாவிட்டால் ‘எ’. எழுவாய்க்கு இந்தச் சோதனை உதவாது, எல்லா இடத்துக்கும் இது போதவும் போதாது. ஆனாலும் பிள்ளை பேசப் பழகிய நாளிலிருந்து தப்பில்லாமல் செய்துவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு இது உறுதியான முதல் படி.

தமிழ் உதவுகிற இடம்போலவே, இழுத்துவிடுகிற இடமும் உண்டு. அதையும் பெயர் சொல்லிக் காட்டினால்தான் பிழை நிற்கும். ‘நேற்று தஞ்சாவூர் போயிருந்தேன்’ என்பது நம் வீடுகளில் சாதாரணப் பேச்சு. இதை வைத்துத்தான் பிள்ளை ‘ஐ ஹேட் கான் டு தஞ்சாவூர் எஸ்டர்டே’ என்று எழுதுகிறது. சிவப்பு மையால் அடித்து ‘டென்ஸ் தப்பு’ என்று எழுதினால் அதற்கு என்ன விளங்கும்? நம் ‘இருந்தேன்’ இறந்தகாலத்தில் தனியாகவே நிற்கும். ஆங்கிலத்தின் ‘ஹேட்’ அப்படி நிற்காது. அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு செயல், சொல்லிலோ பேச்சின் போக்கிலோ, துணைக்கு இருக்க வேண்டும். ‘நான் நிலையத்துக்குப் போவதற்குள் ரயில் போயிருந்தது’ என்பதில் இரண்டு செயல், அங்கே ‘ஹேட்’ சரி. ஒரே செயலென்றால் ‘ஐ வென்ட்’ போதும். இப்படி இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு, பத்துத் தமிழ் வாக்கியம் கொடுத்து, எதில் ஒரு செயல், எதில் இரண்டு என்று முதலில் பிரிக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ஆங்கிலம்.

‘கிறு’ இடைநிலையும் இப்படித்தான். ‘போகிறேன்’ என்ற ஒன்றே தினமும் போவதையும் இப்போது போய்க்கொண்டிருப்பதையும் நாளை போகப்போவதையும் சுமக்கிறது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வெவ்வேறு உருவம். உருபுகளில் பட்டியல் நீளம், நாலைந்து மட்டும் சொல்கிறோம். அவர்மேல் கோபம் என்பதால் ‘ஆங்க்ரி ஆன் ஹிம்’ என்று வருகிறது, சரி ‘வித்’. எனக்கு விளக்கு என்பதால் ‘எக்ஸ்ப்ளைன் மீ’, நடுவில் ‘டு’ விட்டுப்போகிறது. அவரோடு கல்யாணம் என்பதால் ‘மேரீட் வித்’, சரி ‘டு’. அதைப் பற்றி விவாதித்தோம் என்பதால் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’. ஆங்கிலத்தில் ‘பற்றி’ அந்த வினைக்குள்ளேயே அடங்கிவிட்டது, ‘அபவுட்’ வேண்டாம்.

வாசிப்புக்கு வருவோம். எங்கள் அனுபவத்தில் பிள்ளைகள் மிக அதிகமாக விழுவது சொல் தெரியாததால் அல்ல, வினை எது என்று தெரியாததால். தமிழில் பயனிலை கடைசியில் வந்து நிற்கும். பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் இரண்டுமே இடம் மாறுகின்றன. நம் ஊர்ச் செய்தியையே எடுத்துக்கொள்வோம்:

‘த வாட்டர் ரிலீஸ்ட் ஃப்ரம் த மேட்டூர் டேம் ஆன் ஜூன் 12 ரீச்ட் த கிராண்ட் அனிகட் லாஸ்ட் நைட்.’

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் ‘தண்ணீர் திறந்துவிட்டது’ என்று ஆரம்பித்து நடுவழியில் நின்றுவிடும். எல்லாச் சொல்லும் அதற்குத் தெரிந்த சொல்தான். பென்சிலை எடுத்து ஃப்ரம், ஆன் என்று தொடங்கும் தொடர்களுக்கும், கடைசியில் உள்ள ‘லாஸ்ட் நைட்’ என்ற காலத்துக்கும் மெல்லிய அடைப்புக்குறி போடச் சொல்லுங்கள். மிச்சம் நிற்பது: ‘த வாட்டர் ரிலீஸ்ட் ரீச்ட் த கிராண்ட் அனிகட்.’ இரண்டு வினை, நடுவில் ‘அண்ட்’ இல்லை. அப்படியானால் இரண்டில் ஒன்று எச்சமாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிடமும் ‘எது?’ என்று கேட்க வேண்டும். எது அடைந்தது? தண்ணீர் அடைந்தது, பொருந்துகிறது. எது திறந்துவிட்டது? தண்ணீர் தன்னைத்தானே திறந்துவிடாது. ஆகவே ‘ரிலீஸ்ட்’ இங்கே ‘திறந்துவிடப்பட்ட’ என்ற பெயரெச்சம். பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. பெயருக்கும் அதற்கும் நடுவில் ‘விச் வாஸ்’ வைத்துப் பார்த்தால் வாக்கியம் உடையாது, அது கூடுதல் சான்று. ஜூன் 12 எந்த வினையோடு ஒட்டும் என்பதும் இப்போது தெரிந்துவிடுகிறது: அணை திறந்த நாள் அது, தண்ணீர் கல்லணைக்கு வந்த நாள் அல்ல. வினாத்தாளில் ‘வென் டிட் த வாட்டர் ரீச்’ என்று கேட்டால் ஜூன் 12 என்று எழுதி மதிப்பெண் போவது இங்கேதான். ஒரு நாளைக்கு இப்படி இரண்டு வாக்கியம் போதும். ஒரு பருவம் முழுக்கச் செய்தால் நீளமான வாக்கியத்தைக் கண்டு மிரள்வது போய்விடும்.

சொல் பெருக்குவதற்கு அகராதியை அ முதல் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற கல்வியாளர், வங்காளப் பிள்ளைகள் படிக்கத் திணறுவதைப் பார்த்து எளிய சொற்களில் வாசிப்பு நூல்கள் உருவாக்கியவர். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2000 அடிப்படைச் சொற்கள். சாதாரண உரைநடையில் ஏறக்குறைய 80 விழுக்காடு இந்த அளவுச் சொற்களுக்குள் அடங்கிவிடும். நாளைக்கு ஐந்து, வாரத்துக்கு ஆறு நாள் என்றால் ஒன்றரை வருடத்துக்குள் முடிகிற வேலை. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று எழுதிவைக்கும் பழக்கத்தை விட வேண்டும். ‘மேக்’ என்றால் செய், ‘டூ’ என்றாலும் செய் என்று எழுதினால் ‘டூ எ மிஸ்டேக்’ என்றுதான் வரும். கூட வரும் சொல்லோடு எழுத வேண்டும்: ‘மேக் எ மிஸ்டேக்’, ‘டூ ஹோம்ஒர்க்’. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி முன்பக்கம் வெற்றிடத்தோடு ஆங்கில வாக்கியம், பின்பக்கம் விடை. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் என்று எடுத்துப் பார்க்க வேண்டும். எந்த நாளில் மறந்தாலும் அந்த அட்டை மறுபடி முதல் நாளுக்குத் திரும்பும். ஒரே ராத்திரியில் ஐம்பது சொல் படித்தால் தேர்வு முடிந்ததும் ஐம்பதும் போய்விடும்.

வாசிக்கப் பொருள் தேடி எங்கும் அலைய வேண்டாம். மோட்டார் கொட்டகையிலேயே ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், ஃபியூஸ், வால்வ் என்று ஒரு பாடம் தொங்குகிறது. பூச்சிமருந்து டப்பாவின் லேபிளில் முக்கோணமும் அதனோடு சொல்லும் இருக்கும்: சிவப்பிலும் மஞ்சளிலும் ‘பாய்சன்’, நீலத்தில் ‘டேஞ்சர்’, பச்சையில் ‘காஷன்’. மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தந்தால் அது சொற்பயிற்சியும் ஆகும், வீட்டுக்கும் பாதுகாப்பு. (டப்பாவைப் பெரியவர்கள் கையில் வைத்துக் காட்டட்டும்; பிள்ளை தொட வேண்டாம்.) ‘கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்’ என்பதில் எழுவாய் எங்கே என்று கேளுங்கள். ஏவல் வினைக்கு முன்னிலை எழுவாய் மறைந்திருக்கும் என்பது தமிழ் வகுப்பில் படித்ததுதான்.

எழுத்துப் பயிற்சிக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஒன்றே ஒன்று. பாடப்புத்தகத்தில் ஐந்து வரி எடுத்து நல்ல தமிழில் எழுதி, புத்தகத்தை மூடிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பிழைகளை எ/த, உருபு, காலம், சொல் வரிசை என்று நாலு கட்டம் போட்டு எண்ணுங்கள். எந்தக் கட்டம் நிறைகிறதோ அடுத்த வாரம் அதற்கு மட்டும் பயிற்சி. கைடில் உள்ள கட்டுரையை நெட்டுருப் போடுவது மதிப்பெண் தரலாம், இது எழுதத் தரும். கட்டுரை வராத பிள்ளையை மக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த கணிதமேதை இராமானுஜன் உதவித்தொகையை இழந்தது ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறியதால்தான்.

கடைசியாக ஒரு கோரிக்கை, நூலகத் துறைக்கு. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அதற்கு வழிசெய்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழியில் பிறந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதிகளில் ஒன்று. ஆனால் கடைமடைக் கிராமங்களின் கிளை நூலகங்களில் ஆங்கில அலமாரி என்றால் போட்டித்தேர்வு நூல்களும் தடித்த அகராதிகளும்தான். பிள்ளை தானாக வாசிக்க வேண்டுமென்றால் 100 சொல்லுக்குத் தெரியாத சொல் இரண்டுக்குமேல் இருக்கக் கூடாது. மூன்று முதல் ஐந்து வரை என்றால் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஐந்துக்குமேல் போனால் அது இப்போதைக்கு அந்தப் பிள்ளையின் புத்தகமல்ல. சில நூறு சொற்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறும் எளிய வாசிப்பு நூல்கள் அச்சில் இருக்கின்றன. கிளைக்கு நாற்பது புத்தகம் வாங்கி, முதுகில் நிலைக்கு ஒரு நிறமாக நாடா ஒட்டி, பிள்ளை கைக்கு எட்டும் தட்டில் வைத்தால் போதும். பக்கங்களை எண்ணி நிலை பிரிப்பதற்கு ஆள் இல்லை என்றால், சனிக்கிழமைகளில் வந்து செய்துதர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.