எஸ்.பி.எம். மேடைக்குப் பிறகு வரும் பத்து ஆண்டுகள்

பினாங்கில் ஆண்டுதோறும் எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதியில் எழுதும் அரசுத் தேர்வு) மாணவர்களுக்குப் பாராட்டு விழாவும் மேற்கல்வி வழிகாட்டலும் நடத்தும் இந்தியர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

அண்மையில் அப்படி ஒரு விழாவுக்கு வந்திருந்தேன். வேதியியலில் ஏ பிளஸ் வாங்கிய மாணவியிடம் மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறாய் என்று மேடையில் கேட்டார்கள். "கெமிஸ்ட்ரிதான் பிடிக்கும்" என்றாள். "அப்படியென்றால் ஃபார்மசி எடும்மா" என்றார் கேட்டவர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் வேதியியலையே படித்துப் பேராசிரியர் ஆகலாம் என்று அந்த மண்டபத்தில் அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் எழுந்து சொல்லவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பாதை நீளமானது, அதை மறைக்க வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, 1969-இல் தொடங்கப்பட்டு இப்போது மிண்டனில் இருக்கும் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இளங்கலை. பிறகு ஆய்வு வழி முதுகலை. மதிப்பெண் மிக நன்றாக இருந்தால் நேரே முனைவர் பட்டத்துக்கும் போகலாம். அதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள். அப்புறம் பலர் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) என்று இன்னும் இரண்டொரு ஆண்டு. விரிவுரையாளர் ஆகும்போது வயது முப்பதைத் தொட்டுவிடும். முதுநிலை விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற படிகள் அதற்கு மேல்தான். கட்டுரைகள், பெற்ற ஆய்வு மானியம், கரையேற்றிய ஆய்வு மாணவர்கள், வகுப்பறைப் பணி எல்லாவற்றையும் எடைபோட்டே மேலே ஏற்றுவார்கள்.

அத்தனை ஆண்டுகள் என்னதான் செய்கிறோம்? பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும். நம் வீட்டுக் கறிவேப்பிலையில் கார்பசோல் ஆல்கலாய்டு என்ற சேர்மக் குடும்பமே இருக்கிறது. இலையைக் காயவைத்துப் பொடியாக்கி, மெத்தனாலில் ஊறவைத்து, சாற்றை வற்றவைத்து, சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கிப் பிரிப்போம். அரிதான ஒன்றைத் தேடினால், கிலோக்கணக்கான இலையிலிருந்து கடைசியில் கையில் நிற்பது சில மில்லிகிராம்தான். அதை, காந்தப்புலத்தைக் கொண்டு மூலக்கூறை ஆராயும் என்.எம்.ஆர். கருவியில் வைத்து, எந்த ஹைட்ரஜன் எந்தக் கார்பனில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி, மூலக்கூறின் வடிவத்தை முழுதாக வரைந்து முடிக்கிறோமே, அந்த நாளின் சந்தோஷத்தை எந்தக் கோப்பையும் தராது.

நம் பிள்ளைகள் இந்தப் பாதையை விட்டு இறங்குவது எஸ்.பி.எம்.மில் அல்ல, இளங்கலை முடிந்த கையோடு. 22, 23 வயது. வீட்டில் சம்பளத்தை எதிர்பார்க்கிறார்கள், பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் இருக்கிறது, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலையும் கிடைக்கிறது. போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆய்வில் நல்ல கைத்திறன் இருந்தும் மனமில்லாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

நானும் போயிருப்பேன். முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் என் மேற்பார்வையாளரின் மானியம் முடிந்து, உதவித்தொகை நின்றுபோனது. பட்டர்வொர்த்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த என் மாமா ஏழு மாதம், மாதம் 400 ரிங்கிட் கொடுத்தார். ஆய்வேடு எதைப் பற்றி என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. "முடிச்சிட்டு வா" என்பார், அவ்வளவுதான். மொத்தம் 2,800 ரிங்கிட். அது இல்லையென்றால் நான் இன்று விரிவுரையாளர் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன்: விழாச் செலவில் ஒரு பகுதியை, இளங்கலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே தத்தளிக்கிற பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒருவர், இருவர் போதும். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களுக்கு வாடகை, சாப்பாட்டுச் செலவு, ஆய்வேடு அச்சிடும் செலவு என்று சின்னச் சின்ன இடைவெளிகளை அடைத்தாலே பெரிய உதவி.

அடுத்த வழிகாட்டி நிகழ்ச்சியில், இப்போது ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒரு மாணவரையும் மேடை ஏற்றுங்கள். பேராசிரியரைவிட அவர் பேச்சைத்தான் படிவம் 5 பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆள் தேடித் தருவது என் பொறுப்பு. அந்த மாணவியின் வீட்டார் உங்கள் சங்கத்தில் இருந்தால், ஒரு சனிக்கிழமை அவளை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். கறிவேப்பிலை நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
குளுகோரிலிருந்து ஒரு வேதியியல் விரிவுரையாளர்