தாராவியில் உச்சி வெயில் எத்தனை மணிக்கு?

தாராவி, மும்பை
பிப்ரவரி முதல் வாரம்

ஏட்டி,

அம்மா முட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏறுறாங்கன்னு படிச்சதும்தான் நிம்மதி. இங்கே அத்தைக்கு அதே சர்க்கரை, அதே மாத்திரை. நான் காலையிலேயே சமைச்சு வச்சிட்டு, முனிசிபாலிட்டி தமிழ் ஸ்கூல்ல ஆசிரியர் பயிற்சிக்கான பிராக்டிஸ் லெசன் எடுக்க ஓடுறேன். ஏழாம் வகுப்பு, அறிவியல்.

"காலேஜ்ல சொல்ற என்கொயரி மெத்தட் எல்லாம் வகுப்புல நடக்குமா?"ன்னு கேட்டிருந்தே. பிள்ளைகளே கேள்வி கேட்டு, அளந்து பாத்து விடை கண்டுபிடிக்கிற முறைதானே, நடக்கும். 35 நிமிஷத்துல நடக்காது, அவ்வளவுதான்.

நிழல் பாடம். "மத்தியானம் 12 மணிக்கு நிழல் காணாமப் போயிரும்"னு வகுப்பே கோரஸா சொல்லுச்சு. இவங்க இருக்கிற சந்துல வெயிலே விழாது, உச்சி நிழலை எங்கே பாத்திருக்கப் போறாங்க? ஸ்கூல் மொட்டை மாடியில ஒரு மீட்டர் கம்பை நட்டோம். 12 மணிக்கு நிழல் இருந்துச்சு, இன்னும் குறைஞ்சுக்கிட்டும் இருந்துச்சு. "ஸ்கூல் கடிகாரம் தப்பு டீச்சர்"னு ஒருத்தன். என் போனைக் காட்டினேன். "அப்போ சூரியன் லேட்டு"ன்னான்.

பன்னிரண்டே முக்காலுக்கு 76 சென்டிமீட்டர். ஒரு மணிக்கும் அதேதான். அந்தக் கால் மணி நேரம் முழுக்க ஸ்கேல் அசையவே இல்ல. நிழல் ரொம்பக் குட்டையாகிற நேரம்தானே உச்சி, அதுல எதை எடுக்கிறதுன்னு ஒரே சண்டை. அப்பதான் பின்பெஞ்சுப் பையன் ஒருத்தன் சொன்னான்: "நிழல் குறைஞ்சு திரும்ப நீளுதுல்ல? ஒரே நீளம் ரெண்டு தடவை வரும். அதுக்கு நடுவுல பாத்தா போதும்." நோட்டைப் புரட்டினாங்க. 12.20-க்கு இருந்த நீளம் மறுபடி 1.24-க்கு வந்திருந்துச்சு. நடு 12.52. நான் சொல்லிக் கொடுக்கலடி, சத்தியமா. என் லெசன் பிளான்ல "எதிர்பார்க்கும் விடை"ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல இந்தப் பையன் சொன்னது எங்கேயும் இல்ல. விடையை முன்கூட்டியே எழுதி வச்சுக்கிட்டு அதை நோக்கிக் கேள்வி கேக்கிறதைத்தான் எங்க பாதி வகுப்புகள்ல என்கொயரின்னு சொல்றாங்க.

ஏன் லேட்டுங்கிறதுக்கும் அவங்களே துப்பு கொடுத்தாங்க. சங்கரன்கோவில்காரப் பொண்ணு ஒருத்தி, "மே லீவுல ஊருக்குப் போனா அங்க சீக்கிரம் இருட்டிரும் டீச்சர்"னா. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல போய் வாற பிள்ளைகள் எல்லாம் தலையாட்டுச்சு. (மே மாசம் வடக்கே பகல் நீளம், அதுவும் அதுல கலந்திருக்கு. அந்த முடிச்சை நான் அவிழ்க்கல.) இதுக்கு மேல நான் நேரடியாவே சொல்லிட்டேன். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வச்சது, மும்பை அதுக்கு மேற்கே கிட்டத்தட்ட 10 டிகிரி, ஒரு டிகிரி மேற்கே போனா சூரியன் உச்சிக்கு வர 4 நிமிஷம் லேட்டு. 1955 வரைக்கும் பம்பாய்க்குன்னு தனி நேரமே இருந்துச்சு, 39 நிமிஷம் பின்னால. இதெல்லாம் மனுஷங்க கூடி முடிவு பண்ணினது. கம்பை எத்தனை நாள் முறைச்சுப் பாத்தாலும் தெரியாது. அதையும் "நீங்களே கண்டுபிடிங்க"ன்னு விட்டா பிள்ளைகளை ஏய்க்கிற மாதிரி.

39 சரி, மீதி 13 நிமிஷம்? அதையும் ஒரு பொண்ணு கேட்டுட்டா. பூமியோட அச்சுச் சாய்வு, நீள்வட்டப் பாதை ரெண்டும் சேர்ந்து செய்ற வேலை. நவம்பர் தொடக்கத்துல இதே உச்சி 12.22 வாக்குல வந்திரும். ஒரு வருஷம் அளந்தாத்தான் புரியும். எனக்கோ இன்னும் சில வாரம்தான் இந்த ஸ்கூல்.

மேற்பார்வைக்கு வந்தவங்க என் நோட்டுல "பாடம் முடிக்கப்படவில்லை"ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அவங்க மேல கோபம் வரல. பரீட்சையில "நிழல் என்றால் என்ன?"ன்னுதானே கேக்கப் போறாங்க. மத்தியப் பிரதேசத்துல 1972-ல 16 பள்ளிக்கூடத்துல தொடங்குன ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் பத்திப் படிச்சோம். அங்கே பரீட்சைக்குப் புத்தகத்தைத் திறந்தே வச்சுக்கலாம், செய்முறைக்கும் மார்க் உண்டு. 2002-ல அரசு நிறுத்துற வரைக்கும் ஓடுச்சு. பரீட்சையையும் சேத்து மாத்துனாங்க பாரு, அதுதான் விஷயம். நம்ம ஊருல பாடத்தை மட்டும் மாத்தச் சொல்லி வாத்தியார் தலையில கட்டிடுறாங்க.

சரி, இப்போ உனக்கு ஒரு வேலை. வர்ற புதன்கிழமை பாளையங்கோட்டையில உன் பிள்ளைகளை வச்சு ஒரு கம்பு நடு. அதே ஒரு மீட்டர். நூல்ல கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, செங்குத்தா நிக்குதான்னு பாத்துக்கோ. 12 மணியிலிருந்து ஒண்ணே கால் வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை குறிக்கச் சொல்லு. நாங்களும் அன்னைக்கே அளக்குறோம். உங்க உச்சி எங்களுக்கு 20 நிமிஷம் முன்னாடி வரும்னு சங்கரன்கோவில்காரி நோட்டுல எழுதி வச்சிருக்கா. மத்தவங்க யாரும் நம்பல. உன் பிள்ளைகள்கிட்ட இதை மூச்சு விட்டுராதே. அளந்ததை சாயங்காலம் வாட்ஸ்அப்ல போடு, மேகம் மூடுனா வியாழக்கிழமை வச்சுக்கலாம்.

அண்ணனைக் கேட்டதாச் சொல்லு.

உன்,
தாராவிக்காரி