மதிப்பீட்டுக் குழுவுக்கு: வலியையும் கணக்கில் எடுங்கள்

மருத்துவ மதிப்பீட்டுக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எனக்கு இருப்பது சுவனோமடோசிஸ், அதாவது நரம்புகளின் உறையில் கட்டிகள் முளைக்கும் நோய். என் கோப்பு உங்களிடம் இருப்பதால் பழைய விவரங்களுக்குள் போகவில்லை. கட்டிகள் புற்றுநோய் அல்ல, அளவில் மாற்றமில்லை, தசை வலு இயல்பாக இருக்கிறது என்று மூன்று காரணங்கள் காட்டி, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான என் விண்ணப்பத்தை நிராகரித்திருக்கிறீர்கள். மூன்றும் உண்மை. ஆனால் வலியைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இந்த நோயில் தலையாய துன்பமே வலிதான். கட்டியின் அளவை வைத்து அதை அளக்கவும் முடியாது. பெரிய கட்டி சும்மா கிடக்கும். நரம்பு வேரில் ஒட்டிய சிறு கட்டி ஆளைப் படுக்கவிடாது. எனக்கு நடப்பதைவிடப் படுப்பதுதான் கொடுமை. முதுகைக் கிடத்திய சற்று நேரத்தில் இடுப்பிலிருந்து பாதம்வரை எரியத் தொடங்கும். எழுந்து நிற்பேன், சுவரில் சாய்வேன், மறுபடி படுத்துப் பார்ப்பேன். விடிந்தால் வேலை. வலிக்காகத் தரும் பிரிகாபலின் மாத்திரையோ பகலெல்லாம் தலைசுற்ற வைக்கிறது. நீங்கள் என்னைப் பார்த்தது பட்டப்பகலில். காலைத் தூக்கச் சொன்னீர்கள், தூக்கினேன். ஆகவே நலமாக இருக்கிறேனாம்!

“கட்டிகளை எடுத்துவிடலாமே” என்று உங்களில் ஒருவர் கேட்டார். முதுகுத்தண்டு நெடுகப் பல இடங்களில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுக்கப் போனால், வேலை செய்யும் நரம்புகளும் சேதமாகலாம். தண்டுவடம் அழுந்தினாலோ, வலிக்குக் காரணமான கட்டி இதுதான் என்று தெரிந்தாலோ கத்தி வைப்பார்கள். அதன் பிறகும் வேறிடத்தில் புதிதாக முளைக்கலாம்.

இந்நோயோடு தொடர்புடைய எஸ்எம்ஏஆர்சிபி1 மரபணு 2007இலும், எல்இசட்டிஆர்1 மரபணு 2014இலும் அடையாளம் காணப்பட்டன. 2022இல் நோயறிதல் விதிகளே திருத்தப்பட்டன. உங்கள் படிவம் மட்டும் இன்னும் கை, கால்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நோயோடு வருகிற எல்லோருக்கும் இதே கதிதான். அடுத்த முறை ஊன்றுகோல் ஒன்றை இரவல் வாங்கி வரட்டுமா?

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். வலியையும் கணக்கில் எடுங்கள். வலி மருத்துவத்தில் தேர்ந்த ஒருவரைக் குழுவில் அமர்த்தி, என் சிகிச்சைக் குறிப்புகளையும் உறக்கமின்மையையும் சேர்த்து மறுமதிப்பீடு செய்யுங்கள். அப்போதும் மறுப்பதாக இருந்தால், வலியை எப்படி எடைபோட்டீர்கள் என்பதை எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்