தடிமன் என்று நீ சொன்ன இருமல்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. மற்றப் புதினங்களை அம்மா சொல்லியிருப்பார். நான் எழுதுவது உன் இருமலைப் பற்றி.

போன ஞாயிறு பேசும்போது அதைத் தடிமன் என்றாய். சித்திரையிலும் தடிமன் என்றுதான் சொன்னாய். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றபோது முதல் நாலைந்து இரவும் விறாந்தையில் எழும்பியிருந்து இருமினாய். பிறகு தேரன்று பகல் முழுவதும் வீதிப் புழுதிக்குள் நின்றும் ஒரு தரமாவது செருமவில்லை. வான்கூவருக்குத் திரும்பி வேலைக்கு இறங்கிய இரண்டாம் கிழமையே அது மறுபடி வந்துவிட்டதாக மருமகள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். வேலையை விட்டால் விடுவதும் வேலைக்குப் போனால் வருவதுமான வருத்தம் தடிமன் அல்ல, ராசா. வைத்தியரிடம் போ.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அந்த வேலியின் மூட்டுகளில் மயிரிழை இடைவெளிகூட இல்லை. அப்பு இருந்திருந்தால் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போயிருப்பார், அவர் மெச்சுவது அப்படித்தான் என்று உனக்குத் தெரியும். ஆனால் அதே படத்தில் உன் முகமூடி நாடிக்குக் கீழே தொங்குகிறது, அதுவும் துணி முகமூடி.

நீ அறுக்கும் அந்தச் சிவப்பு சீடர் மரத்தில் பிளிக்காட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறதாம். அதன் தூளைச் சுவாசிக்கிறவர்களில் சிலருக்கு முட்டு, அதுதான் ஆஸ்துமா, வரும்; பலருக்கு வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாமல், பல மணித்தியாலம் கழித்து இரவிலேதான் நெஞ்சை இறுக்கும். அதனால்தான் பலர் மரத்தைச் சந்தேகிப்பதில்லை. வருத்தம் தொடங்கிய பிறகும் அதே தூளுக்குள் எவ்வளவு காலம் நிற்கிறாயோ, அவ்வளவுக்கு அது மாறுவது கடினம். வேலையை விட்ட பிறகும் பலருக்கு முழுதாக மாறுவதில்லை. ஆகவே என்ன மரத்தில் வேலை செய்கிறாய் என்பதையும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்.

துணி முகமூடி அந்த நுண்ணிய தூளை மறிக்காது. என்95 முகமூடியாவது போடு. தாடி இருந்தால் அதுவும் முகத்தோடு ஒட்டாது, தாடியை எடு. தூளை அது பிறக்கும் இடத்திலேயே இழுத்தெடுக்கும் இயந்திரத்தை வாளோடும் அரத்தாள் இயந்திரத்தோடும் பொருத்து. விளக்குமாற்றால் கூட்டாதே, காற்றடித்து உடுப்பைத் தட்டாதே, அந்த உடுப்போடு குழந்தையைத் தூக்காதே. மருந்தேற்றிய பழைய பலகைத் துண்டுகளை எரிக்கவும் வேண்டாம். அவற்றில் ஆர்சனிக் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னர் வைத்தியரிடம் போ.

இதெல்லாம் தங்கச்சி வாசித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் சாவகச்சேரிக்கு இடம்பெயர்ந்த அதே 1995ஆம் ஆண்டில், மரத்தூள் மூக்கிலும் அதையொட்டிய எலும்புக் குழிகளிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதியாகச் சொல்லிவிட்டதாம். அடுத்த சித்திரையில் நாங்கள் திரும்பி வந்தோம். ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவில்லை, வேலை குவிந்தது, கூலிக்கு ஆள் வைக்க என்னிடம் காசில்லை. பதினொரு வயதில் உன்னைப் பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறைக்குள் இருத்தி, பழைய முதிரை மரக் கதவு நிலைகளை அரத்தாளால் தேய்க்க வைத்தேன். முதிரைத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் கடித்துத் தடிக்கும் என்பது எனக்கு அப்புவின் கைகளைப் பார்த்தே தெரியும். உன் கண்ணிமைகள் வீங்கி, காலையில் திறக்க முடியாமல் இருந்த நாள்களில் அம்மா வெந்நீரில் துணி நனைத்து ஒற்றினார். இரவில் உன் நெஞ்சு விசில்போல் இழுத்தது. வைத்தியரிடம் காட்டுவோம் என்று அவர் மூன்று தரம் கேட்டார். பனி என்று நான் சொன்னேன். பனி இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தும் சொன்னேன், ஏனென்றால் அந்தக் கிழமைக்குள் நான்கு கதவு கொடுக்க வேண்டியிருந்தது.

நீ இன்று தடிமன் என்று சொல்வதை நான் பழித்துப் பேச முடியாது. அப்படிச் சொல்லப் பழக்கியவன் நான். உன் நெஞ்சு அப்போதே கெட்டதா என்பதை அந்த வைத்தியரிடம் கேள். 1996இல் என்ன நடந்தது என்பதையும் சொல், எனக்காக எதையும் மறைக்காதே. அவர் சொல்வதை அம்மாவிடம் அல்ல, என்னிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா